அனுமதி பெறாத பிறந்தநாள்

கோவை அரசு கலைக் கல்லூரி தன் தொடக்கத்தை 1852ஆம் ஆண்டிலிருந்து கணக்கிடுகிறது. உக்கடம் பேருந்து நிலையத்திலிருந்து சில கிலோமீட்டர் தூரம். பொள்ளாச்சி, கிணத்துக்கடவுப் பக்கத்துப் பிள்ளைகள் உக்கடத்தில் இறங்கி டவுன் பஸ் மாறிப் போகும் கல்லூரி. 2018 செப்டம்பர் கடைசியில் வந்த பகத்சிங் பிறந்தநாளை வளாகத்துக்குள் கொண்டாட மாணவர்கள் சிலர் விரும்பினார்கள். அனுமதி கிடைக்கவில்லை. ஆனாலும் கொண்டாடினார்கள். சில நாட்களில் முதுகலை மாணவி ஒருவர் இடைநீக்கம் செய்யப்பட்டார். அனுமதி இல்லாமல் கூட்டம் நடத்தினார் என்பதே காரணம்.

இந்தியாவின் கல்லூரி வளாகங்களில் கருத்துரிமை பற்றிப் பேச இதைவிடப் பரபரப்பான வழக்குகள் எத்தனையோ உண்டு. நான் இந்தச் சின்ன வழக்கை எடுத்துக்கொள்வதற்குக் காரணம் அதில் சர்ச்சைக்குரிய கருத்து எதுவுமே இல்லை என்பதுதான். பகத்சிங் தடைசெய்யப்பட்ட பெயர் அல்ல. பள்ளிப் பாடப்புத்தகத்தில் இருக்கிறார். நாடாளுமன்ற வளாகத்தில் சிலையாக நிற்கிறார். அன்று பேசப்பட்டது தவறு என்று கல்லூரி சொல்லவில்லை. என்ன பேசப்பட்டது என்ற கேள்விக்கே அங்கு இடமில்லை. கேட்காமல் பேசியதுதான் குற்றம்.

இதே மண்ணில் பகத்சிங்கின் எழுத்துக்காகச் சிறைக்குப் போனவர்கள் உண்டு. தான் ஏன் நாத்திகன் என்று பகத்சிங் எழுதிய கட்டுரையை 1930களில் ஜீவானந்தம் தமிழாக்கினார். அன்றைய கோவை மாவட்டத்து ஈரோட்டிலிருந்து அது வெளிவந்தது. மொழிபெயர்த்த ஜீவாவும், வெளியிட்ட பெரியாரின் அண்ணன் ஈ.வெ.கிருஷ்ணசாமியும் கைது செய்யப்பட்டார்கள். வெள்ளைக்கார அரசு அச்சடித்த வரிகளைக் காட்டி, இது ராஜதுரோகம் என்று வழக்குப் போட்டது. கொடுமைதான். ஆனால் எந்த வரிக்காகத் தண்டனை என்பதாவது தெரிந்தது. எண்பது ஆண்டு கழித்து அந்த மாணவிக்குக் கிடைத்த தாளில் எதிர்த்து வாதாட ஒரு வரிகூட இருந்திருக்காது. 'அனுமதி பெறவில்லை' என்பதை மறுக்க முடியாது, அவர் பெறவில்லைதான்.

கொங்குப் பகுதிக் கல்லூரிகளின் நடத்தை விதிகளை ஆராய வருகிறவர் இங்கிருந்து தொடங்குவது நல்லது. 'அரசியல் பேசக் கூடாது' என்று விதிப்புத்தகத்தில் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். கட்டாயம் இருப்பது முன்அனுமதி. கூட்டம் போட, துண்டறிக்கை கொடுக்க, அறிவிப்புப் பலகையில் ஒட்ட, வெளியாளைப் பேச அழைக்க, கல்லூரிப் பெயரை ஒரு பதாகையில் எழுத, எல்லாவற்றுக்கும். யாரிடம் கேட்பது என்பது தெரியும்: டிபார்ட்மென்ட் தலைவர், பிறகு முதல்வர், தனியார் கல்லூரி என்றால் அதற்கும் மேலே தாளாளர். எத்தனை நாளில் பதில் வர வேண்டும், எந்தக் காரணத்துக்காக மறுக்கலாம், மறுத்தால் யாரிடம் போவது என்பவை பெரும்பாலும் எழுதப்படுவதில்லை. அளவுகோல் இல்லாத இடத்தில் அதிகாரிக்குப் பிடித்ததும் பிடிக்காததுமே அளவுகோல்.

இது கோவையின் தனிச்சொத்து அல்ல. சென்னை ஐஐடியில் 2014 ஏப்ரல் 14 அன்று தொடங்கப்பட்ட அம்பேத்கர் பெரியார் வாசகர் வட்டம், அடுத்த ஆண்டு மே 22 அன்று அங்கீகாரம் இழந்தது. பெயர் இல்லாத புகார் ஒன்று மத்திய மனிதவள மேம்பாட்டு அமைச்சகத்துக்குப் போனது. அமைச்சகம் அதைக் கல்வி நிறுவனத்துக்கு அனுப்பியது. மாணவர் நலப் பொறுப்பில் இருந்த டீனின் மின்னஞ்சல் வந்தது. புகாரில் இருந்ததெல்லாம் கருத்து: மோடி அரசின் கொள்கைகளை விமர்சித்த துண்டறிக்கை, சாதி பற்றிய பேச்சு, இந்தி பற்றிய பேச்சு. நிர்வாகம் சொன்ன காரணத்தில் கருத்து காணாமல் போயிற்று. மாணவர் அமைப்புகளுக்கான விதிகளை மீறினார்கள், சலுகைகளைத் தவறாகப் பயன்படுத்தினார்கள் என்று மட்டும் நின்றது. நாடு முழுக்க எதிர்ப்பு எழுந்து, ஜூன் 7 அன்று அங்கீகாரம் திரும்ப வந்தது. ஐஐடி என்பதால் நாடு பார்த்தது. கோவை அரசு கலைக் கல்லூரியை நாடு பார்க்காது.

அனுமதி விதி நடுநிலையானது என்று வாதிடுகிறவர்களுக்கு 2017 ஜனவரியை நினைவூட்ட வேண்டும். ஜல்லிக்கட்டுக்காக வ.உ.சி. மைதானத்தில் ஆயிரக்கணக்கான மாணவர்கள் இரவு பகலாக உட்கார்ந்தார்கள். அவினாசி ரோடு, பொள்ளாச்சி ரோடு, பாலக்காடு ரோட்டுக் கல்லூரிகளில் ஐ.டி. கார்டு கழுத்தில் இல்லாமல் வகுப்புக்குள் நுழைய முடியாத பிள்ளைகள் அதே கார்டோடு மைதானத்தில் கோஷம் போட்டார்கள். தமிழ்நாட்டின் பல கல்லூரிகள் விடுமுறையே விட்டன. யாரும் படிவம் நிரப்பிக் கொடுத்ததாகத் தெரியவில்லை. நிர்வாகத்துக்கும் ஊருக்கும் உகந்த பொருள் என்றால் முன்அனுமதி என்ற நடைமுறை தூங்கிவிடுகிறது. உகக்காத பொருள் என்றால் விழித்துக்கொள்கிறது. வெளியே நடைமுறையாகத் தெரிவது உள்ளே கருத்தை எடை போடுகிறது என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? ஜனவரி 23 அன்று அரசுக்கே உகக்காமல் போனபோது மெரினாவைப் போலவே இங்கும் போலீஸ் மைதானத்தைக் காலி செய்தது.

விடுமுறையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் மாணவர் பேச்சைக் கட்டுப்படுத்தும் மிகப் பழைய கருவி அதுதான் என்பது என் கணிப்பு. 1965இல் இந்தி எதிர்ப்புப் போராட்டம் பரவியதும் பக்தவத்சலம் அரசு கல்லூரிகளை மூடியது. விடுதிகள் காலியாகின, மாணவர்கள் ஊர் திரும்பினார்கள். போராட்டமும் அவர்களோடு ஊருக்குப் போனது! பிப்ரவரியில் கோவை மாவட்டம் எரிந்தது. திருப்பூரில் காவல் உதவி ஆய்வாளர்கள் இருவர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். பிப்ரவரி 12 அன்று பொள்ளாச்சியில் துப்பாக்கிச் சூடு நடந்தது. வளாகத்துக்குள் கட்டுப்பட்டிருந்த கோபத்தை வளாகத்தை மூடித் தெருவுக்கு அனுப்பினால் என்ன ஆகும் என்பதற்குப் பொள்ளாச்சியைவிடத் தெளிவான பாடம் கிடையாது. பாடம் கற்கப்படவில்லை. 2019 டிசம்பரில் குடியுரிமைத் திருத்தச் சட்டத்துக்கு எதிராக மாணவர்கள் திரண்டபோது சென்னைப் பல்கலைக்கழகம் செய்ததும் விடுமுறை அறிவிப்புதான். ஒருவரையும் தண்டிக்காமல் எல்லோரையும் கலைத்துவிடலாம். நீதிமன்றத்துக்குப் போக யாருக்கும் வழக்கு இருக்காது.

1965இன் மாணவர்கள் 1967இல் ஆட்சியை மாற்றினார்கள். விருதுநகரில் காமராசரைத் தோற்கடித்த பெ.சீனிவாசன் அந்தப் போராட்டத்தில் உருவான மாணவர் தலைவர். அந்த ஆட்சி வந்து நான்கே ஆண்டில், 1971இல், அண்ணாமலைப் பல்கலைக்கழகம் முதல்வர் கருணாநிதிக்குக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்ததை எதிர்த்த மாணவர்கள் மீது தடியடி நடந்தது. உதயகுமார் என்ற மாணவர் இறந்துகிடந்தார். மாணவர்களால் வந்தவர்கள் மாணவர்களை மறக்க நீண்ட காலம் ஆகவில்லை. கட்சி பேதமில்லாமல் இது உண்மை. ஆகவே இந்தக் கட்டுரையை எந்தக் கட்சிக்காரரும் மகிழ்ச்சியோடு வெட்டி வைத்துக்கொள்ள முடியாது.

இடைநீக்கத்துக்குப் பிறகு என்ன நடக்கும்? கொங்குப் பகுதியில் படித்த யாரைக் கேட்டாலும் வரிசை மாறாமல் சொல்வார்கள். முதலில் 'அப்பாவைக் கூட்டிட்டு வா'. பிறகு டிசிப்ளின் கமிட்டி. பிறகு மன்னிப்புக் கடிதம். அப்பா விசைத்தறிப் பட்டறையிலிருந்தோ, லாரி செட்டிலிருந்தோ, உக்கடம் மீன் மார்க்கெட்டிலிருந்தோ அரை நாள் கூலியை விட்டுவிட்டு வந்து முதல்வர் அறை வாசலில் நிற்பார். 'ஏங்கண்ணு, படிக்க அனுப்புனா உனக்கு எதுக்கு இந்த வம்பு?' என்பார். கல்விக் கடன் இருக்கும். தங்கச்சி கல்யாணம் இருக்கும். அந்த வாசலில் எந்த அரசமைப்புக் கூறும் எடுபடாது. கல்லூரிக்கு இது தெரியும். சட்டப்படி பதினெட்டு வயது நிரம்பி, ஓட்டுப் போட்டுவிட்டு வந்த ஒருவரை மறுபடி பிள்ளையாக்கி உட்கார வைக்க, பெற்றோரை அழைப்பதைவிடச் சுருக்கமான வழி இல்லை.

அப்பா வந்தும் வழிக்கு வராதவர்களுக்குக் காகிதங்கள் இருக்கின்றன. ஹால் டிக்கெட், இன்டர்னல் மார்க், போனஃபைட், டி.சி., கடைசியில் நன்னடத்தைச் சான்றிதழ். அதில் 'திருப்தி' என்று எழுதினாலே வேலை கொடுக்கிறவர் புருவம் உயரும், 'நன்று' வேண்டும். மாணவர்களின் அசல் சான்றிதழ்களைக் கல்லூரி வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018 அக்டோபர் அறிவிக்கையில் திட்டவட்டமாகச் சொன்னது. அப்படி ஓர் அறிவிக்கை தேவைப்பட்டது என்பதே நிலைமையைச் சொல்கிறது.

மன்னிப்புக் கடிதம் இந்தப் பகுதியில் மாணவர்களுக்கு மட்டும் உரியதல்ல. பெருமாள்முருகன் நாவலாசிரியர் என்பது உலகுக்குத் தெரியும். நாமக்கல் அரசு கலைக் கல்லூரியில் தமிழ் கற்பித்த ஆசிரியர் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. 'மாதொருபாகன்' நாவலுக்கு எதிர்ப்புக் கிளம்பியபோது, 2015 ஜனவரி 12 அன்று மாவட்ட நிர்வாகம் ஒரு சமரசக் கூட்டம் நடத்தியது. நிபந்தனையற்ற மன்னிப்பில் அவர் கையெழுத்திட்டார். எழுத்தாளனாக இறந்துவிட்டேன் என்று அறிவித்தார். இடமாறுதலில் ஊரைவிட்டே போனார். 2016 ஜூலை 5 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தில் தலைமை நீதிபதி சஞ்சய் கிஷன் கவுல், நீதிபதி புஷ்பா சத்தியநாராயணா அமர்வு அந்தச் சமரசம் யாரையும் கட்டுப்படுத்தாது என்று தீர்ப்பளித்தது. அந்த அறையில் நடந்ததைக் கூர்ந்து பார்த்தால் ஒரு முதல்வர் அறையில் நடப்பதேதான். சட்டமும் தடையாணையும் இல்லை. 'பிரச்சினை வேண்டாம்' என்ற ஒரு வேண்டுகோள், ஒரு தாள், ஒரு பேனா. ஆசிரியருக்கே அதுதான் கதி என்றால், அவர் வகுப்பில் உட்கார்ந்திருந்த மாணவர்கள் அன்று என்ன கற்றிருப்பார்கள்?

சேலத்தில் இன்னும் கடுமையாக நடந்தது. 2017 ஜூலை 12 அன்று அரசு மகளிர் கலைக் கல்லூரிக்கு வெளியே, ஹைட்ரோகார்பன் திட்டத்தையும் கதிராமங்கலத்தில் போராடியவர்கள் மீதான அடக்குமுறையையும் எதிர்த்துத் துண்டறிக்கை கொடுத்த இதழியல் மாணவி வளர்மதி கைது செய்யப்பட்டார். ஒரு வாரத்துக்குள் குண்டர் சட்டம் பாய்ந்தது. கள்ளச்சாராயக்காரர்களையும் ரவுடிகளையும் மனத்தில் வைத்து 1982இல் இயற்றப்பட்ட சட்டம் அது. பெரியார் பெயரைத் தாங்கிய பல்கலைக்கழகம் அவரை இடைநீக்கம் செய்தது. செப்டம்பர் 5 அன்று உயர் நீதிமன்றம் தடுப்புக் காவலை ரத்து செய்தது. அரசு குண்டர் சட்டத்தைப் போட்டபோது மாணவியின் பக்கம் நிற்க வேண்டாம். குறைந்தது விசாரித்த பிறகு முடிவெடுக்கிறோம் என்றாவது பல்கலைக்கழகம் சொல்லியிருக்கலாம். போலீஸ் நிலையத்தில் பதிவான ஒரு வழக்கு, எந்த விசாரணையும் இல்லாமல் கல்லூரியில் தண்டனையாக மாறுவது இங்கே சாதாரணம்.

இதற்கு மறுபக்கம் இருக்கிறது. அதை அவசரமாகக் கடந்துவிட்டால் இந்தக் கட்டுரை நேர்மையற்றதாகிவிடும்.

1996 நவம்பரில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு மருத்துவ மாணவர் நாவரசு சீனியர் ஒருவரால் கொலை செய்யப்பட்டார். அதன் பிறகுதான் 1997இல் தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் வந்தது. இந்த நடத்தை விதி எத்தனையோ பிள்ளைகளைக் காப்பாற்றியிருக்கிறது. 2000 பிப்ரவரி 2 அன்று தருமபுரி அருகே இலக்கியம்பட்டியில் அதிமுகவினர் எரித்த பேருந்து, கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் பேருந்து. கோகிலவாணி, காயத்ரி, ஹேமலதா என்ற மூன்று மாணவிகள் கருகிப்போனார்கள். அவர்கள் அரசியல் பேசவில்லை, படிப்புக்காகச் சுற்றுலா போய்த் திரும்பிக்கொண்டிருந்தார்கள். அரசியல் என்ற சொல்லைக் கேட்டதும் கொங்குநாட்டுத் தாய் தந்தையர் முகம் இறுகுவதற்கு இந்த நினைவும் ஒரு காரணம். அவர்களைப் பிற்போக்கு என்று திட்டிவிட்டுப் போவது நகரத்து அறிவுஜீவிகளுக்கு எளிது.

சாதியும் இதற்குள் இருக்கிறது. ஆணும் பெண்ணும் பேசக் கூடாது, பஸ்ஸில் தனித்தனியாக உட்கார வேண்டும், படிக்கட்டுகூட வேறு வேறு என்ற கட்டுப்பாடுகளுக்குத் தமிழ்நாட்டுத் தனியார் பொறியியல் கல்லூரிகள் பெயர்போனவை. பாதுகாப்பு என்று காரணம் சொல்வார்கள். 2015 ஜூனில், உடன்படித்த பெண்ணோடு திருச்செங்கோடு கோயிலில் பேசிக்கொண்டிருந்த குற்றத்துக்காகத் தலித் இளைஞர் கோகுல்ராஜ் கடத்திக் கொல்லப்பட்டார். 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டையில், உடன்படித்த கௌசல்யாவை மணந்துகொண்ட பொறியியல் மாணவர் சங்கர் பட்டப்பகலில் வெட்டப்பட்டார். ஆக ஆபத்து நிஜம். ஆனால் கல்லூரி எந்தப் பக்கம் வேலி போட்டது என்று பாருங்கள். வெட்டியவர்களின் நியாயத்தையே வளாகத்துக்குள் விதியாக அச்சடித்துக் கொடுத்தது. பெண்களின் பாதுகாப்பு என்ற பெயரில் அவர்கள் நடமாட்டத்தைக் கட்டுப்படுத்தக் கூடாது என்று மானியக் குழுவின் 'சக்ஷம்' அறிக்கை 2013இலேயே சொல்லியிருந்தது.

முஸ்லிம்கள் அதிகம் வாழும் உக்கடத்துப் பையனுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. 1997 நவம்பர் 29 அன்று இங்கேதான் காவலர் செல்வராஜ் கொல்லப்பட்டார். தொடர்ந்த கலவரத்திலும் துப்பாக்கிச் சூட்டிலும் பதினெட்டு முஸ்லிம்கள் இறந்தார்கள். 1998 பிப்ரவரி 14 தொடர் குண்டுவெடிப்பில் 58 பேர் இறந்தார்கள். 2022 அக்டோபர் 23 அன்று கோட்டை ஈஸ்வரன் கோயில் முன் கார் வெடித்தது. ஒவ்வொரு முறையும் கோட்டைமேட்டிலும் கரும்புக்கடையிலும் வீடு வீடாக விசாரணை. இங்கிருந்து கல்லூரிக்குப் போகிற பிள்ளை ஒரு துண்டறிக்கையைக் கையில் வாங்கும்போது, நகரின் மறுபக்கத்துப் பீளமேட்டுப் பிள்ளைக்குத் தோன்றாத கேள்வி அவனுக்குத் தோன்றும்: நாளைக்கு யாராவது வீட்டுக் கதவைத் தட்டினால்? பீளமேட்டுப் பிள்ளைக்கு ஒரு வாரப் படிப்பு போகும். இவனுக்கு ஆயுள் முழுக்க ஒரு கோப்பு திறந்திருக்கும். ஒரே விதி, ஒரே படிவம், விலை மட்டும் வேறு. அச்சம் மேலிருந்து மட்டும் வருவதில்லை என்பதையும் உக்கடம் அறியும். 2017 மார்ச்சில் திராவிடர் விடுதலைக் கழகத்தைச் சேர்ந்த ஃபாரூக் இங்கே வெட்டிக் கொல்லப்பட்டார். சமூக ஊடகத்தில் அவர் எழுதிய நாத்திகக் கருத்துகளே காரணம் என்று காவல்துறை கூறியது. மதத்தைப் பற்றி மாற்றுக் கருத்தைப் பயமில்லாமல் சொல்லிப் பார்க்க ஓர் இடம் இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு வேண்டுமென்றால், கல்லூரியை விட்டால் வேறு எங்கே?

உக்கடத்தில் பாலக்காட்டு பஸ் ஏறினால் ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டரில் வேறொரு வளாக அரசியல் தொடங்குகிறது. கேரள எல்லையான வாளையாருக்கு அந்தப் பக்கம் கல்லூரித் தேர்தல் என்பது திருவிழா. இந்தப் பக்கம் பெரும்பாலான கல்லூரிகளில் தேர்தலே இல்லை. மாணவர் தேர்தல் பற்றிய லிங்டோ குழுவின் பரிந்துரைகளை 2006 செப்டம்பர் 22 அன்று உச்ச நீதிமன்றம் நாடு முழுவதுக்கும் கட்டாயமாக்கியது. அந்த வழக்கு கேரளத்திலிருந்து போனது. வேட்பாளர் செலவு ஐயாயிரம் ரூபாய், 75 சதவீத அட்டெண்டன்ஸ், அச்சடித்த சுவரொட்டி கூடாது என்றெல்லாம் குழு நுணுக்கமாக எழுதியது. தேர்தலே நடத்தாத கல்லூரியை என்ன செய்வது என்பதில் தமிழ்நாட்டில் யாரும் அக்கறை காட்டவில்லை.

அந்தப் பக்கம் சொர்க்கம் என்று நான் சொல்லவில்லை. 2018 ஜூலையில் எர்ணாகுளம் மகாராஜாஸ் கல்லூரியில், சுவரில் யார் எழுதுவது என்ற தகராறில், இடுக்கி மாவட்டம் வட்டவடையைச் சேர்ந்த அபிமன்யு குத்திக் கொல்லப்பட்டார். கேரள உயர் நீதிமன்றமே இரண்டு பக்கமும் பேசியிருக்கிறது. வளாகத்தில் அரசியல் செயல்பாட்டைத் தடுக்கக் கல்லூரிக்கு உரிமை உண்டு என்று 2003இல் சோஜன் பிரான்சிஸ் வழக்கில் சொன்னது. 2020 பிப்ரவரியில் வகுப்புகளைக் குலைக்கும் வேலைநிறுத்தங்களுக்குத் தடை போட்டது. நடுவில் 2019இல், திருச்சூர் கேரளவர்மா கல்லூரி மகளிர் விடுதி மாணவிகள் அரசியல் கூட்டங்களுக்குப் போகக் கூடாது என்ற விதியை அடித்து நொறுக்கியது. அதே ஆண்டு, விடுதியில் மாலையில் கைப்பேசி பயன்படுத்தக் கூடாது என்பதை ஏற்க மறுத்து வெளியேற்றப்பட்ட ஃபஹீமா ஷிரினை மீண்டும் சேர்த்துக்கொள்ளச் சொன்னது. இணையம் கல்வியின் பகுதி என்றது. இரவுக் கட்டுப்பாட்டை எதிர்த்து வாயிலை மறித்ததற்காக 2024இல் கோழிக்கோடு என்.ஐ.டி. ஐந்து மாணவர்களிடம் சுமார் 33 லட்சம் ரூபாய் கேட்டதும் அந்த மண்ணில்தான். வித்தியாசம் ஒன்றுதான். அங்கே விதியை எதிர்த்து வழக்குப் போட மாணவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் பின்னால் ஒரு சங்கம் இருக்கிறது. அதனால் தீர்ப்புகள் இருக்கின்றன. இங்கே மன்னிப்புக் கடிதங்கள் இருக்கின்றன.

நீதிமன்றம் மாணவருக்கு என்ன கொடுத்திருக்கிறது? 1962இல் கன்ஷியாம்தாஸ் குப்தா வழக்கில், தேர்வில் முறைகேடு என்று சொல்லி முடிவை ரத்து செய்யும்முன் மாணவரின் விளக்கத்தைக் கேட்டே ஆக வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். அதற்கு முந்தைய ஆண்டுதான் அமெரிக்காவின் அலபாமாவில், நிறவெறியை எதிர்த்து உணவகத்தில் உட்கார்ந்ததற்காக வெளியேற்றப்பட்ட கறுப்பின மாணவர்களின் வழக்கில் இதே கோட்பாடு எழுந்தது. பிறகு 1973இல் ராஞ்சி மருத்துவக் கல்லூரி வழக்கு வந்தது. மாணவிகள் விடுதிக்குள் நுழைந்து அத்துமீறிய ஆண்களின் முன்னால் அந்தப் பெண்களை நிறுத்திக் குறுக்கு விசாரணை செய்யத் தேவையில்லை, இயற்கை நீதி இடத்துக்கு ஏற்ப வளையும் என்றது நீதிமன்றம். அந்த வழக்கின் உண்மைகளுக்கு அது சரியான தீர்ப்பு. சிக்கல் பின்னால் வந்தது. பெண்களைப் பாதுகாக்க வளைத்த கோட்பாட்டை, துண்டறிக்கை கொடுத்தவரைச் சாட்சியே இல்லாமல் வெளியேற்றவும் நிர்வாகங்கள் கையில் எடுத்துக்கொண்டன. அத்துமீறலும் அபிப்பிராயமும் ஒரே டிசிப்ளின் கமிட்டியின் ஒரே மேஜைக்கு வருகின்றன.

1972இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஹீலி வழக்கில் இதைப் பிரித்துக் காட்டியது. கனெக்டிகட் கல்லூரி ஒன்று இடதுசாரி மாணவர் அமைப்புக்கு அங்கீகாரம் மறுத்தது. கருத்து பிடிக்கவில்லை என்பதற்காக மறுக்க முடியாது. ஆனால் வளாகத்தின் நியாயமான விதிகளுக்குக் கட்டுப்படுவோம் என்று எழுதித் தரும்படி கேட்கலாம். மறுப்பதற்குக் காரணம் காட்டும் பொறுப்பு கல்லூரியுடையது என்றது நீதிமன்றம். கடைசி வரிதான் எனக்கு முக்கியம். கோவையில் காரணம் காட்டும் பொறுப்பு மாணவர் தலையில் இருக்கிறது: எதற்குப் பேச வேண்டும் என்று அவர் விளக்க வேண்டும்.

அரசுக் கல்லூரியாக இருந்தால் அரசமைப்பின் 19ஆம் கூற்றைக் காட்டி உயர் நீதிமன்றத்துக்கு நேரே போகலாம். ஈச்சனாரியிலிருந்து ஒத்தக்கால்மண்டபம் வரையும், குனியமுத்தூரிலிருந்து எல்லை வரையும் வரிசையாக நிற்கும் சுயநிதிக் கல்லூரிகள் 'அரசு' என்ற வரையறைக்குள் வருமா என்பது நெடுங்காலம் மாணவர்களைத் தடுத்த கேள்வி. 2023 ஜனவரி 3 அன்று கௌஷல் கிஷோர் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதி அமர்வு, 19, 21ஆம் கூறுகளின் உரிமைகளை அரசு அல்லாதவர்கள் மீதும் நிலைநாட்டலாம் என்று பெரும்பான்மையாகச் சொன்னது. கதவு கொஞ்சம் திறந்திருக்கிறது. உள்ளே போக ஒரு மாணவர் வேண்டும், அவரை முதல்வர் அறை வாசலில் விட்டுக்கொடுக்காத ஒரு அப்பாவும் வேண்டும்.

மாணவர் பேசினால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு 2019 மார்ச் இருக்கிறது. பொள்ளாச்சிப் பாலியல் வன்முறை வெளியே வந்த அந்த வாரம், பொள்ளாச்சியிலும் கோவையிலும் தமிழ்நாடெங்கும் கல்லூரி மாணவர்கள் வகுப்பைவிட்டு வெளியே வந்தார்கள். வழக்கு உள்ளூர்ப் போலீசிடமிருந்து சி.பி.சி.ஐ.டி.க்குப் போனது, அங்கிருந்து சி.பி.ஐ.க்கு மாற்றவும் சில நாட்களில் உத்தரவு வந்தது. அதற்கான அரசாணையில் பாதிக்கப்பட்ட பெண்ணின் பெயரையே அச்சடித்து வெளியிட்டது அரசு. உயர் நீதிமன்றம் 25 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது.  2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்கும் சாகும்வரை சிறை விதித்தது. அந்த மார்ச் மாதத்தில் எத்தனை கல்லூரிகள் மாணவர்களுக்கு எழுத்தில் அனுமதி கொடுத்திருக்கும்?

2023 ஏப்ரலில் மானியக் குழு மாணவர் குறைதீர்ப்பு ஒழுங்குமுறைகளைப் புதிதாக வெளியிட்டது. எவையெல்லாம் 'குறை' என்று நீண்ட பட்டியல் அதில் இருக்கிறது: சேர்க்கை முறைகேடு, சான்றிதழை நிறுத்திவைத்தல், கூடுதல் கட்டணம், மதிப்பெண், உதவித்தொகை, துன்புறுத்தல், பழிவாங்கல். கருத்துச் சொன்னதற்காகத் தண்டிக்கப்படுவது தனியாக இல்லை. பழிவாங்கல் என்ற சொல்லுக்குள் நுழைத்துப் பார்க்கலாம். புகாரைக் குழு பதினைந்து வேலை நாட்களில் முடிக்க வேண்டும். திருப்தி இல்லையென்றால் பல்கலைக்கழகத்தின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கோவை அரசு கலைக் கல்லூரியில் 2018இல் நடந்தது இன்று நடந்தால், அந்த மாணவி போக வேண்டிய முதல் இடம் இதுதான். குழுவில் பேராசிரியர்கள் ஐந்து பேர் இருப்பார்கள். மாணவர் பிரதிநிதி ஒருவரும் இருப்பார், சிறப்பு அழைப்பாளராக. அவரை மாணவர்கள் தேர்ந்தெடுக்க மாட்டார்கள். மதிப்பெண்ணையோ விளையாட்டுத் திறனையோ பார்த்து நிர்வாகம் நியமிக்கும்.